இலை கொட்டிய போன்சாய்

போன்சாய் மரம் மொட்டையாகிவிட்டது என்று தொட்டியைத் தூக்கிக்கொண்டு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: இலையெல்லாம் தரையில் விழுந்ததா, கிளையிலேயே காய்ந்து ஒட்டிக்கொண்டு நின்றதா? பெரும்பாலோர் சற்று யோசித்துவிட்டு, "கீழேதான் கொட்டிச்சு, தினமும் பெருக்கினோமே" என்பார்கள். அப்படியென்றால் உட்காருங்கள், டீ சாப்பிட்டுக்கொண்டே பேசலாம். அந்த மரம் பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

இலையை உதிர்ப்பது மரம் தானே செய்யும் வேலை. காம்பு கிளையோடு சேரும் இடத்தில் மெல்லிய ஓர் அடுக்குச் செல்கள் தளர்ந்து பிரிகின்றன. காயத்தை மூடத் தக்கை போன்ற ஓர் அடுக்கு பின்னால் உருவாகிறது. அதன்பிறகுதான் இலை கழன்று விழுகிறது. இதற்கு உயிருள்ள செல்கள் வேண்டும். சட்டென்று செத்துப்போன கிளையால் இது முடியாது. மாவிலைக்கொத்தை ஒடித்து வாசலில் கட்டினால் இலை பழுப்பாகிச் சருகானாலும் காம்பை விடாமல் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஆகவே, வீட்டுக்குள் இருந்த மரம் பத்து நாளில் ஒவ்வோர் இலையாக உதிர்த்துவிட்டு நிற்கிறதென்றால், நெருக்கடி வந்ததும் செலவைக் குறைத்துக்கொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். உதிர்த்த அன்று அது உயிரோடுதான் இருந்தது. அதற்குப் பிறகு நாம் என்ன செய்தோம் என்பதே மீதிக் கதை.

அந்த மீதிக் கதையில்தான் பல மரங்கள் சாகின்றன. மறந்துபோய் விட்டதால் செத்த மரங்களைவிட, மறந்துவிட்டோமே என்ற பதற்றத்தில் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றியதால் செத்தவற்றையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

வேர் உறிஞ்சும் தண்ணீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் இலை வழியாக ஆவியாகிப் போகிறது. மரம் தன் உடலுக்கென்று வைத்துக்கொள்வது மிகச் சொற்பம். இலையே இல்லாத மரத்தில் அந்த இழுப்பு நின்றுவிடுகிறது. ஊற்றிய தண்ணீர் ஊற்றிய இடத்திலேயே கிடக்கும். மண்ணின் துளைகளில் இருக்க வேண்டிய காற்றைத் தண்ணீர் தள்ளிவிடும்; மூச்சுக்குக் காற்றில்லாத வேர் அழுகும்; அழுகிய வேர் தண்ணீரை எடுக்காது; கிளை வாடும்; வாடியதைப் பார்த்து இன்னும் ஊற்றுவோம். மரத்தின் மேல் உள்ள அன்பினால் நடக்கும் கொலை இது. இன்று இந்தப் பேச்சில் ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: மொட்டை மரத்துக்குத் தேவை வெளிச்சமும் வேருக்குக் காற்றும் பொறுமையும். தண்ணீர் அதற்கு அடுத்தபடிதான்.

காஞ்சிபுரத்தில் இருப்பவர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. அண்ணாந்து பார்த்தால் போதும். கோபுரத்தின் சுதை இடுக்கிலும் பழைய மதிலின் செங்கல் வெடிப்பிலும் ஆலும் அரசும் இச்சியும் முளைத்து நிற்கின்றன. பறவை எச்சத்தில் விழுந்த விதை. மண் என்று சொல்ல விரற்கடை காரைத்தூள். குடமுழுக்குக்கு முன் ஆட்கள் ஏறி வெட்டுகிறார்கள், மறு மழைக்கு அதே இடத்தில் துளிர்க்கிறது. கத்தரி வெயிலில் இலையைக் கொட்டிவிட்டுக் குச்சியாக நிற்கும். நாலு மழை பெய்தால் செம்பு நிறத்தில் கொழுந்து விடும். கட்டடத்துக்கு அது பகைதான், வேர் பருக்கப் பருக்கக் கல்லையே பிளக்கும், அகற்றத்தான் வேண்டும். ஆனாலும் அந்தச் செடி வாழும் நிலையைப் பாருங்கள். நாள் முழுக்க வெயில். பெய்த தண்ணீர் நிமிடத்தில் வழிந்தோடிவிடுகிறது. வேரைச் சுற்றி எப்போதும் காற்று. கடையில் வாங்கி வரும் போன்சாயில் முக்கால்வாசி இதே அத்திக் குடும்பத்து இச்சி வகைதான். அதே இனத்தை நம் வீட்டுக் கூடத்தில் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில், இருட்டில், மேலே கூழாங்கற்களைப் பசை போட்டு ஒட்டிய பீங்கான் தொட்டியில் வைத்துவிட்டு, ஏன் வாடுகிறது என்று கேட்கிறோம்.

எல்லா மரமும் இச்சி இல்லையே என்பீர்கள். சரிதான், என்ன மரம் என்று தெரிந்துகொள்வது அவசியம். அரசு என்றால் மாசி பங்குனியில் மொத்தமாக இலை உதிர்ப்பது அதன் வழக்கம். தெருமுனைப் பிள்ளையாருக்குப் பக்கத்தில் நிற்கும் பெரிய அரசும் அதே வாரத்தில் உதிர்த்திருக்கும், போய்ப் பாருங்கள். அடீனியம் மார்கழிக் குளிரில் இலையை விட்டுவிட்டு உறங்கும். அப்போது தண்ணீர் விட்டால் அடித்தண்டு கொழகொழத்துவிடும். ஃபுகியன் டீ என்ற பெயரில் சின்னஞ்சிறு இலையும் வெள்ளைப் பூவுமாக ஒரு மரம் விற்கிறார்கள். பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். நம் கிழக்குக் கடற்கரையின் புதர்க்காடுகளில் தானாக வளரும் செடிதான் அது. பிலிப்பைன்ஸில் அதன் இலையைக் காய்ச்சிக் குடிக்கிறார்கள். இடம் மாற்றினால் கோபித்துக்கொண்டு இலையைக் கொட்டும், நல்ல வெளிச்சம் கொடுத்தால் திரும்பும். ஜூனிபர் வைத்திருப்பவர்களுக்குத்தான் என்னிடம் நல்ல செய்தி இல்லை. ஊசி இலைகொண்ட அந்த மரம் செத்த பிறகும் பல வாரம் பச்சையாகவே தெரியும். பழுப்பேறி நம் கண்ணில் படும்போது எல்லாம் முடிந்திருக்கும். அறைக்குள் வாழும் மரமே இல்லை அது.

இப்போது மரத்தைத் தொட்டுப் பார்ப்போம். நுனிக் குச்சியை மெல்ல வளையுங்கள். வளைந்தால் உயிர் இருக்கிறது, படக்கென்று ஒடிந்தால் அந்தக் குச்சி போய்விட்டது. அதனால் மரமே போய்விட்டது என்று நினைக்காதீர்கள். நகத்தால் பட்டையை அரிசி அளவுக்குச் சுரண்டுங்கள். அடியில் ஈரப் பச்சை தெரிந்தால் நல்லது. பழுப்பாக உலர்ந்திருந்தால் இன்னும் கீழே, பெரிய கிளையில் ஓர் இடம். அங்கும் இல்லையென்றால் அடிமரத்தில் மண்ணுக்குச் சற்று மேலே ஓர் இடம். அத்தி வகை மரங்களில் இன்னோர் அடையாளம் உண்டு, குத்தினால் பால் கசியும். ரொம்பவும் தாகத்தில் இருக்கும் மரத்தில் பால் வர மறுக்கலாம், அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. அடிமரத்தில் பச்சை இருந்தால் போதும், இச்சி பழைய பட்டையிலிருந்தே புதுக் கண் விடும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்த மறுநாள் சென்னையிலும் நம் பக்கத்திலும் சாயாமல் நின்ற மரங்கள்கூட எரிந்தவைபோல் மொட்டையாக நின்றன. சில வாரங்களிலேயே அவை தளிர் விட்டதையும் பார்த்தோம். ஆலின் உறுதிக்கு அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலமரம் இருக்கிறது. 1989-இல் காற்றில் நடுமரம் சாய்ந்துபோனது. விழுதுகளே மரமாகி நிற்கின்றன.

சுரண்டிப் பார்ப்பதை ஒருமுறையோடு விட்டுவிடுங்கள். தினமும் சுரண்டினால் காயங்கள்தான் மிஞ்சும்.

அடுத்தது தொட்டி. தூக்கிப் பாருங்கள். இறகுபோல் லேசாக இருந்தால் மண் எலும்பாகக் காய்ந்திருக்கிறது. கனமாக, குளிர்ச்சியாக இருந்தால் நெடுநாள் ஈரம். மேலே ஒட்டிய கூழாங்கற்களை முதலில் பெயர்த்தெடுங்கள். லாரியில் வரும்போது மண் சிந்தாமலிருக்க ஒட்டியது அது, வீட்டுக்கு வந்த அன்றே எடுத்திருக்க வேண்டும். அடியில் ஓட்டை இருக்கிறதா, வேர் அடைத்துக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு விளக்குமாற்று ஈர்க்குச்சி ஒன்றை ஓரமாக மண்ணுக்குள் இறக்கிப் பத்து நிமிடம் கழித்து உருவி, உதட்டில் வைத்துப் பாருங்கள். விரலுக்குத் தெரியாத ஈரம் உதட்டுக்குத் தெரியும்.

காய்ந்த மண்ணாக இருந்தால் மேலே ஊற்றிப் பயனில்லை. கடைத் தொட்டிகளில் பெரும்பாலும் இருப்பது தென்னை நார்க்கழிவு அல்லது பீட் கலவை. ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டால் அது தண்ணீரை ஏற்காது. ஊற்றுவது தொட்டியின் சுவர் ஓரமாக இறங்கி அடியில் வந்துவிடும். நன்றாக ஊறிவிட்டது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம், நடுவில் வேர்க்கட்டி உலர்ந்தே கிடக்கும். ஒரு பேசினில் தண்ணீர் நிரப்பித் தொட்டியை விளிம்பு மூழ்கும்படி இறக்குங்கள். குமிழிகள் வரும். அவை நிற்கும்வரை கால் மணி நேரம் அப்படியே இருக்கட்டும். எடுத்துச் சாய்த்துவைத்து முழுக்க வடிய விடுங்கள். அவ்வளவுதான். அடுத்த தண்ணீர் ஈர்க்குச்சி கேட்கும்போதுதான்.

ஈரமான மண்ணாக இருந்தால் வேலை கொஞ்சம் கூடுதல். போன வருடம் எங்கள் பிள்ளையார்பாளையம் பக்கம் ஒரு நெசவாளர் வீட்டு மருமகள் கொண்டுவந்த மரம் அப்படித்தான். புதுமனை புகுவிழாவுக்கு வந்த பரிசு. தீபாவளி ஆர்டர் நெருக்கடியில் தறியை விட்டு யாரும் எழுந்திருக்கவில்லை. மரத்தைப் பார்க்க நேரமில்லை. முகூர்த்தச் சேலைகளைக் கொடுத்து முடித்த பிறகு குற்ற உணர்ச்சியில் ஊற்று ஊற்றென்று ஊற்றியிருக்கிறார்கள். "மாமா, அதுக்கப்புறம் ஒரு நாள்கூடத் தண்ணி விடாம இருந்ததில்ல, ஆனாலும் இப்படி ஆயிடுச்சே" என்றாள். "அதாம்மா பிரச்சினை" என்று சொல்ல வாய் வரவில்லை. தொட்டியைக் கவிழ்த்துக் காட்டினேன். சாக்கடை வாடை. கறுத்துப்போன வேரைப் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறைபோல் கழன்று வந்து, உள்ளே நூல்போல ஒன்று மட்டும் மிஞ்சியது. அழுகலுக்கு அதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. ஆனால் அடித்தண்டை ஒட்டிய வேர்கள் வெளிர் மஞ்சளாக, அழுத்தினால் உறுதியாக இருந்தன. அவை போதும்.

அழுகியதை எல்லாம் தீயில் காட்டித் துடைத்த கத்தரியால் நல்ல பகுதி வரை வெட்டிவிட வேண்டும். வெட்டுவாயில் மஞ்சள்தூள் தடவுவது நம் வீட்டு வழக்கம், தடவுங்கள், தவறில்லை. ஆனால் மரத்தைக் காப்பாற்றப்போவது அடுத்து நாம் போடும் மண்தான். அதில் கஞ்சத்தனம் கூடாது.

போன்சாய் மண் என்றால் வண்டல் என்றும் செம்மண் என்றும் பலர் நினைக்கிறார்கள். அடிப்படை வேறு. ஆழமில்லாத தொட்டியில் தண்ணீர் முழுக்க வடியாது. அடியில் ஒரு பட்டைக்கு ஈரம் தேங்கி நிற்கும். அந்தப் பட்டையின் உயரத்தைத் தீர்மானிப்பது மண்ணின் மணி அளவு. தொட்டியின் ஆழத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒரு சாண் ஆழத் தொட்டியில் இரண்டு விரல் ஈரம் தேங்கினால் மேலே வேருக்கு நிறைய இடம் இருக்கிறது. நாலு விரல் ஆழப் போன்சாய் தட்டில் அதே இரண்டு விரல் தேங்கினால் பாதித் தொட்டி சேறு. அடியில் கூழாங்கல் பரப்பினால் சரியாகிவிடும் என்பதும் தவறான நம்பிக்கை, ஈரப் பட்டை கல்லுக்கு மேலே ஏறிக்கொள்ளும், வேருக்கான இடம் இன்னும் குறையும். இதற்கு ஒரே வழி மணியைப் பெரிதாக்குவது. ஜப்பானியர்கள் அகடாமா என்ற எரிமலை மண்ணைச் சலித்துப் பயன்படுத்துகிறார்கள். இங்கே இறக்குமதி விலையில் அது கட்டுப்படியாகாது, தேவையும் இல்லை. காஞ்சியில் பழைய ஓட்டு வீடுகளை இடித்துக்கொண்டே இருக்கிறார்கள். அந்த ஓட்டையும் செங்கல்லையும் உடைத்து, பயறு அளவுக்கும் கடலை அளவுக்கும் நடுவில் சலித்தெடுத்து, தூளைக் கழுவி நீக்கிவிடுங்கள். இது மூன்று பங்கு, நன்றாக மக்கிய இலைமக்கு ஒரு பங்கு. மணலுக்காகப் பாலாற்றுப் பக்கம் போகாதீர்கள்; அந்த ஆறு தன் மணலை ஏற்கெனவே ஏராளமாக இழந்துவிட்டது, செங்கல் சில்லே அந்த வேலையைச் செய்யும். வேர் தேறும்வரை அழகான தட்டுத் தொட்டியை ஓரமாக வைத்துவிட்டு, ஓட்டை உள்ள சாதாரண மண்சட்டியில் நடுவது உத்தமம். அசையாமலிருக்கச் சணலால் சட்டியோடு கட்டிவிடுங்கள். ஆடுகிற மரத்தில் புதிதாக வரும் வேர்முனை அறுந்துகொண்டே இருக்கும்.

காய்ந்துபோன மரத்துக்கு, வேர் நன்றாக இருந்தால் இந்த மண் மாற்றம் இப்போது வேண்டாம். இருக்கும் கொஞ்ச வேரையும் கிளறாதீர்கள். இலை வந்து திடமாகட்டும்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பும் சுண்ணாம்பும் கொண்டது. தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அதுதான். பலர் வீணாக்கக் கூடாதென்று ஆர்.ஓ. எந்திரத்திலிருந்து வெளியேறும் தண்ணீரைச் செடிக்குச் சேர்த்துவைக்கிறார்கள். நல்ல எண்ணம், ஆனால் அந்தக் கழிவுநீரில்தான் உப்பெல்லாம் திரண்டிருக்கும், தொட்டி மரத்துக்கு ஆகவே ஆகாது. தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். 2003-இல் தமிழகம் முழுக்க மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது போட்ட குழாய் உங்கள் வீட்டிலும் இருக்கும். அதன் வாயில் ஒரு டிரம்மை வைத்து மூடிபோட்டு, இரண்டு மழைத் தண்ணீரைப் பிடித்தால் ஒரு சின்ன மரத்துக்குப் பல மாதம் வரும்.

இனி வெளிச்சம். இது நம் கண் நம்மை ஏமாற்றும் இடம். வெட்டவெளியில் உச்சி வெயில் ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ். ஜன்னலை ஒட்டிய திண்டில் சில ஆயிரம். அதே அறையின் நடுவில், நாம் வசதியாகச் செய்தித்தாள் படிக்கும் இடத்தில், நூறிலிருந்து முந்நூறு வரைதான். கண்பாவை விரிந்து சரிசெய்துகொள்வதால் நமக்கு வித்தியாசம் தெரிவதில்லை. மரத்துக்கு வெளிச்சம்தான் சோறு. கூடத்து நடுவில் வைத்த மரம் சேமிப்பைத் தின்று சில மாதம் ஓட்டும், தீர்ந்ததும் இலையைக் கொட்டும். நாம் தண்ணீரைக் குறை சொல்வோம்.

நெசவாளர் வீடுகளில் இதற்கு விடை தயாராக இருக்கிறது. நீண்டு குறுகிய நம் வீடுகளில் நல்ல வெளிச்சம் விழும் இடம் எங்கே என்று தேட வேண்டியதில்லை. தறி போட்டிருக்கும் இடம்தான் அது. கோர்வை நெசவில் சேலையின் கரையும் உடலும் சேரும் இழையைக் கண் பிடிக்க வேண்டும் என்பதால் அந்த ஜன்னலையும் கண்ணாடி ஓட்டையும் பெரியவர்கள் பார்த்துப் பார்த்து வைத்தார்கள். குழித்தறியின் குழியில் உள்ள மண்ணீரம் இழை அறாமல் காப்பதோடு அந்த மூலையின் காற்றையும் சற்று ஈரமாக வைக்கிறது. அந்த ஜன்னல் திண்டில் மரத்தை வையுங்கள். அதைவிட மேல், வெளியே கிழக்குப் பார்த்த திண்ணை. தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடும் விடியல் நேரத்தில் தொடங்கி, வெயில் ஏறிப் பாவைச் சுருட்டும் நேரம்வரை படுகிற இளவெயில் மொட்டை மரத்துக்கு அமிர்தம். அதன்பிறகு நிழல்.

இருட்டிலிருந்து நேரே மொட்டை மாடி வெயிலுக்குக் கொண்டுபோகக் கூடாது. குடைபிடிக்க இலை இல்லாத மரத்தின் பட்டை வெயிலில் வெந்துவிடும். கத்தரி நாட்களில் சின்னப் பீங்கான் தொட்டி தொட முடியாதபடி சுடும். உள்ளே வேர் அவிந்துபோகும். மாடிதான் வசதி என்றால் பச்சை நிழல்வலைக்குக் கீழே, தரையில் நேராக வைக்காமல் பலகைமேல் வையுங்கள்.

மொட்டை மரம் கண் விட ஈரக் காற்று பெரிய உதவி. தொட்டியோடு மரத்தை ஒளி ஊடுருவும் பெரிய பாலித்தீன் பைக்குள் வைத்து, குச்சி நட்டுப் பை மரத்தில் ஒட்டாதபடி வாயைக் கட்டுங்கள். பை வெளிச்சமான நிழலில் இருக்க வேண்டும். நேர் வெயில் பட்டால் உள்ளே இட்லிப் பானைதான். தினமும் ஒருமுறை திறந்து காற்று மாற்றுங்கள். பூஞ்சணம் தெரிந்தால் திறந்தே வையுங்கள். உள்ளே ஈரம் சுழன்றுகொண்டிருப்பதால் மண்ணுக்குத் தண்ணீர் வாரக்கணக்கில் தேவைப்படாது. பை போட முடியாதவர்கள் பதிலுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்கிறார்கள். தெளித்த ஈரம் நம் ஊர்க் காற்றில் சில நிமிடங்களில் போய்விடும், உப்புக் கறைதான் தங்கும். ஏசி காற்று நேராக அடிக்கும் கடைக் கல்லா மேசையில் பை இல்லாமல் எதையும் மீட்க முடியாது.

உரம் போடட்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வேண்டாம். உரம் என்பது உப்பு. வேலை செய்யாத வேரைச் சுற்றி உப்பு கூடினால் அது வேரிலிருந்தே தண்ணீரை வெளியே இழுக்கும். இலை வந்து, விரிந்து, கரும்பச்சையாகித் தோல்போல் தடித்த பிறகு, டப்பாவில் போட்டிருக்கும் அளவில் கால் பங்கு கொடுங்கள். அதுவரை கம்பி கட்டுவதும் வடிவம் வெட்டுவதும் கூடாது. பட்டையில் அழுந்திப் பதிந்த பழைய கம்பி இருந்தால் துண்டு துண்டாக வெட்டி எடுத்துவிடுங்கள், பிரித்துச் சுழற்றினால் கிளை ஒடியும். ஒடிந்து காய்ந்த நுனிகளை மட்டும் நீக்கலாம்.

எத்தனை நாள்? இச்சிக்குச் சித்திரை முதல் ஆவணி வரையிலான வெப்பத்தில் மூன்று வாரத்திலிருந்து ஆறு வாரத்தில் பட்டையில் ஊசிமுனைபோல் பச்சைப் புள்ளிகள் வரும். கார்த்திகை, மார்கழியில் தொடங்கினால் தை கழியும்வரைகூட அசையாது. முதல் கொழுந்து வந்த மகிழ்ச்சியில் தொட்டியை மறுபடி தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைக்கிறார்களே, அங்கேதான் இரண்டாவது சறுக்கல். புது இலையை மரம் தன் கடைசிச் சேமிப்பிலிருந்து செய்திருக்கிறது. அது சம்பாதிக்கத் தொடங்கச் சில வாரம் ஆகும். அதற்குள் இருட்டில் வைத்தால் மீண்டும் உதிர்க்கும், மறுமுறை துளிர்க்கக் கையில் ஒன்றும் இருக்காது. கொழுந்து வந்த பிறகு பையின் வாயைத் தினம் கொஞ்சமாகத் திறந்து பழக்குங்கள். மாவுப்பூச்சியும் செதில்பூச்சியும் அந்தத் தளிரைத் தேடி வரும். சோப்புக் கரைசல் கலந்த வேப்பெண்ணெய், லிட்டருக்கு ஐந்து மில்லி, மாலையில் அடியுங்கள். ஐப்பசி அடைமழையில் தொட்டியைக் கூரைக்குள் தள்ளிவைக்க மறக்காதீர்கள்.

இத்தனையும் செய்து மீண்ட மரத்தை எங்கே வைப்பது? வெளியே. போன்சாயை வளர்த்தெடுத்த ஜப்பானில் அது வீட்டுக்குள் வாழ்வதில்லை. வெளியே பலகைகளில் வெயிலும் மழையும் பட நிற்கும். விருந்தாளி வரும்போது டோகோனோமா என்ற மாடத்தில் ஒன்றிரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு மீண்டும் வெளியே கொண்டுபோய்விடுவார்கள். 1923-இல் டோக்கியோவைக் குலைத்த பெரும் பூகம்பத்துக்குப் பிறகு அந்நகரத்துப் போன்சாய்க்காரர்கள் நல்ல தண்ணீரும் காற்றும் இடமும் தேடி ஓமியாவுக்குக் குடிபெயர்ந்து 1925-இல் ஒரு கிராமத்தையே உண்டாக்கினார்கள். மரத்துக்காக ஊரையே மாற்றிக்கொண்டார்கள். ஹிரோஷிமாவில் யமாகி குடும்பத்தார் வளர்த்த ஒரு வெள்ளைப் பைன், 1625 முதல் தொட்டியில் இருப்பது. 1945 ஆகஸ்ட் 6 அன்று குண்டு விழுந்த இடத்திலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டரில், தோட்டத்துச் சுவரின் மறைவில் இருந்து தப்பியது. 1976-இல் அமெரிக்காவுக்குப் பரிசாகப் போய், வாஷிங்டனில் தேசிய மரத்தோட்டத்தில் இன்றும் இருக்கிறது. அது ஹிரோஷிமாவைப் பார்த்த மரம் என்பது 2001-இல் அந்தக் குடும்பத்துப் பேரப்பிள்ளைகள் வந்து சொன்ன பிறகுதான் அங்கே தெரியவந்தது. சொல்ல வருவது இதுதான்: தொட்டி மரத்துக்கு ஆயுள் குறைவு என்பது பொய். யாராவது ஒருவர் தினமும் வந்து மண்ணைத் தொட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கூடத்தில் வைத்து அழகு பார்க்க ஆசையென்றால் வெள்ளிக்கிழமை உள்ளே கொண்டுவந்து ஞாயிறு இரவு திண்ணைக்கு அனுப்புங்கள். வெளியே இடமே இல்லாத வீட்டுக்கு, மரத்துக்கு ஓரடி மேலே வெள்ளை எல்.இ.டி. விளக்கு, தினமும் பன்னிரண்டு மணி நேரம். மின்கட்டணம் அதிகம் வராது.

கடைசியாக, எப்போது கைவிடலாம் என்று சொல்லிவிடுகிறேன். வைகாசியில் மொட்டையான இச்சியையோ ஆலையோ கார்த்திகைக்கு முன் குப்பையில் போடாதீர்கள். ஒரு கோடைச் சூடும் ஒரு மழைக்காலமும் அதற்கு உரிமை. கார்த்திகையில் மண்ணை ஒட்டிய அடிமரத்தைச் சுரண்டி, அங்கும் பழுப்பு, பால் இல்லை, பட்டை தானாகக் கழன்று வருகிறது என்றால் அது செத்துவிட்டது. அதற்கு முன்பே, எங்காவது ஒரு கிளையில் உயிர் தெரியும்போது, பென்சில் பருமனில் ஒரு போத்தை வெட்டி, பால் வடிவதைக் கழுவி, ஈரச் செங்கல் சில்லில் நட்டு நிழலில் வைத்துவிடுங்கள். ஆடியில் நட்ட இச்சிப் போத்து அநேகமாக ஏமாற்றுவதில்லை. புரட்டாசிக்குள் வேர் பிடித்துவிடும்.